பொப் மறந்த கொள்ளை

பழைய சூதாட்டக் குற்றப் படங்களில் காசு கையில நிலைக்கிறது குறைவு. ஹொலிவூட்டில் 1934இலிருந்து தணிக்கைக் கோவை இறுக்கமாச்சு, குற்றவாளி தப்பக்கூடாது. 1956இல் வந்த குப்ரிக்கின் 'த கில்லிங்'கில், குதிரைப் பந்தயத் திடலில் அடிச்ச 20 லட்சம் டொலர் விமான நிலையக் காற்றில் பறந்துபோகும்.

அதே ஆண்டு பிரான்ஸில் வெளிவந்த மெல்வில்லின் 'பொப் லு ஃப்ளாம்பர்' எங்களைப் பிடிச்ச விதம் வேற. டோவில் கசினோவைக் கொள்ளையடிக்கத் திட்டம். முதலே உள்ள போன கிழட்டுச் சூதாடி பொப், சும்மா ஆடத் தொடங்கி வெல்லுறார். வென்றுகொண்டே இருக்கிறார். கொள்ளையையே மறந்துபோறார்! நாங்களும்தான். வெளியில, அவர் மகன் மாதிரி வைச்சிருந்த பாவ்லோ வெடிபட்டுச் சாகிறான். வென்ற காசை ஊழியர்கள் பொலிஸ் காரில் ஏத்துறாங்கள், பொப் பகிடி விடுறார். நாங்கள் சிரிச்சிட்டம். பாவ்லோ செத்துக் கொஞ்ச நேரந்தான்.