ஆடாதே என்றார்கள், ஆடு என்றார்கள்

எமது சங்கம் நூற்றாண்டு காணும் இவ்வேளையில், இந்த நூறு ஆண்டுகளில் பெண்பிள்ளைகளின் விருப்பங்களை யார் தீர்மானித்தார்கள் என்று திரும்பிப் பார்க்க விரும்புகின்றோம். அதற்குப் பரதநாட்டியத்தின் கதையே போதும். வாணி விழா மேடையில் சலங்கை கட்டியவர்களும், கீழே இருந்து கைதட்டியவர்களும், ஆட ஆசைப்பட்டும் வீட்டில் அனுமதி கிடைக்காதவர்களும், ஆசையில்லாமலே ஆடியவர்களும் எம்முள் இருக்கின்றோம்.

யாழ்ப்பாணத்துக் கோயில் திருவிழாக்களில் நடைபெற்ற ஆட்டத்தை முன்னோர் 'சின்ன மேளம்' என்றனர். பரம்பரையாக அத்தொழிலைச் செய்த குடும்பத்துப் பெண்களே அதை ஆடினர். ஆறுமுக நாவலர் (1822–1879) கோயில்களில் அவ்வாட்டம் நடைபெறுவதைக் கடுமையாகக் கண்டித்தார். அந்தக் கண்டனம் அவருக்குப் பின்னும் நெடுங்காலம் வீடுகளில் நிலைத்தது. ஆடுவது குடும்பப் பெண்களுக்கு ஆகாது என்பதே எமது பாட்டிமார் கேட்டு வளர்ந்த தீர்ப்பு. சங்கீதத்துக்கு வழி சற்று முன்னரே திறந்தது. 1931இல் உருவான வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சைகள் இசை கற்பதற்கு ஒரு மதிப்பைக் கொடுத்தன. நடனம் காத்திருக்க வேண்டியிருந்தது.

மாற்றம் சென்னையில் தொடங்கியது. 1935இல் ருக்மிணிதேவி அடையாற்றில் மேடையேறினார். 1936இல் கலாக்ஷேத்திரத்தை நிறுவினார். 'சதிர்' என்ற பெயர் பின்தள்ளப்பட்டு, 'பரதநாட்டியம்' என்ற பெயர் நிலைபெற்றது. 1947இல் சென்னை மாகாணத்தில் தேவதாசி முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. இதன் மறுபக்கத்தையும் மறக்கக் கூடாது. பாலசரஸ்வதி போன்ற சிலரைத் தவிர, அக்கலையைத் தலைமுறை தலைமுறையாகக் காத்த குடும்பத்துப் பெண்கள் பலர் மேடையை இழந்தனர்.

எமது வீடுகளின் மனத்தை மாற்றியதில் பத்திரிகைக்கும் திரைப்படத்துக்கும் பெரும் பங்குண்டு. தமிழகத்திலிருந்து வந்த ஆனந்த விகடனும் கல்கியும் கைமாறிக் கைமாறி வாசிக்கப்பட்டன. திருவிதாங்கூர்ச் சகோதரிகளான லலிதா, பத்மினி, ராகினி ஆகியோரின் ஆட்டம் படமாளிகைகள் வழியாகப் பட்டிதொட்டியெங்கும் சென்றது. விகடனில் கொத்தமங்கலம் சுப்பு தொடராக எழுதிய 'தில்லானா மோகனாம்பாள்' 1968இல் திரைப்படமானது. அதன் நாயகி மோகனாம்பாள் பரம்பரை ஆடற்குடும்பத்துப் பெண். ஊரில் சின்ன மேளக்காரரைத் தள்ளி வைத்தவர்களே திரையில் மோகனாவுக்காகக் கண் கலங்கினர். பிள்ளைகளைக் கெடுக்கும் என்று பெரியவர்கள் அஞ்சிய அதே சினிமாதான், அவர்கள் விலக்கி வைத்த நடனத்தை நடுவீட்டுக்குக் கொண்டுவந்தது.

1960இல் மருதனார்மடத்தில் இராமநாதன் நுண்கலைக் கழகம் தொடங்கியது. பின்னர் அது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துடன் இணைந்தது. நடனம் க.பொ.த. சாதாரண தரப் பாடமாயிற்று. தமிழ்த்தினப் போட்டியில் பரிசு தரும் துறையாயிற்று. கல்யாணப் பேச்சில் பெண்ணுக்குச் சொல்லும் தகைமைகளில் ஒன்றுமாயிற்று. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் வாழும் எமது சகோதரிகளுக்கு அரங்கேற்றத்தின் அழைப்பிதழும் மண்டபமும் பக்கவாத்தியமும் நன்கு தெரிந்தவை. பிள்ளை தமிழ்ப் பண்பாட்டோடு வளர்கிறாள் என்பதற்கு அதுவே சான்று என்று நம்பும் வீடுகள் பல.

இவ்வாறு, ஒரு தலைமுறைக்குத் தடையாக இருந்தது இன்னொரு தலைமுறைக்குக் கடமையாயிற்று. முன்னது பண்பாட்டின் பெயரால் "ஆடாதே" என்றது. பின்னதும் அதே பண்பாட்டின் பெயரால் "ஆடு" என்றது. இரண்டு காலத்திலும் சிறுமியிடம் யாரும் கேட்கவில்லை. ஆட விரும்பியவள் அடுப்படியில் தாளம் போட்டாள். வலைப்பந்தாட விரும்பியவள் சனிக்கிழமைகளில் நடன வகுப்புக்குப் போனாள். உண்மையாகவே ஆடலில் தோய்ந்தவளும், "கல்யாணத்துக்குப் பிறகு என்னத்துக்கு?" என்ற ஒரு கேள்வியோடு சலங்கையைக் கழற்றினாள்.

இன்று தொலைக்காட்சியும் கைத்தொலைபேசியும் வந்துவிட்டன. ஆறு வயதுப் பிள்ளை பெரியவர்களின் பாவனையோடு சினிமாப் பாட்டுக்கு ஆடுவதையும், நடுவர்கள் எழுந்து நின்று கைதட்டுவதையும் செய்மதி அலைவரிசைகளில் பார்க்கின்றோம். 2019இல் இந்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சு, நடனப் போட்டி நிகழ்ச்சிகளில் சிறுவர்களை வயதுக்கு ஒவ்வாத முறையில் காட்டவேண்டாமென அலைவரிசைகளுக்கு அறிவுறுத்தியது. அக்கவலை நியாயமானது. ஆயினும் தொலைக்காட்சியை மட்டும் குற்றம் சொல்லி நாம் ஒதுங்கிவிட முடியாது. பிள்ளையைப் பயிற்றி மேடையில் ஏற்றுபவர்களும் பெரியவர்களே.

ஐக்கிய நாடுகளின் சிறுவர் உரிமைகள் சமவாயம் 1989இல் நிறைவேறியது. இலங்கை 1991இல் அதை ஏற்று உறுதிப்படுத்தியது. தன்னைப் பாதிக்கும் விடயங்களில் கருத்துச் சொல்லப் பிள்ளைக்கு உரிமையுண்டு என்கிறது அதன் 12ஆம் உறுப்புரை. பல மூலங்களிலிருந்தும் தகவல் பெறும் வாய்ப்பையும், தீங்கானவற்றிலிருந்து பாதுகாப்பையும் 17ஆம் உறுப்புரை ஒருங்கே பேசுகிறது. ஓய்வும் விளையாட்டும் கலையும் 31ஆம் உறுப்புரையில் ஒன்றாகவே இடம்பெறுகின்றன. எமது நூறாண்டு அனுபவமும் இதையே சொல்கிறது. கதவை அடைத்து வளர்த்த பிள்ளைக்கும் தெரிவு செய்யத் தெரியாது. கையைப் பிடித்து இழுத்துச் சென்ற பிள்ளைக்கும் தெரியாது. பலவற்றையும் காட்டி, எது ஏன் பிடிக்கிறது என்று கேட்டுப் பழக்கிய பிள்ளைதான் திரை சொல்வதையும் ஊர் சொல்வதையும் தானே எடைபோடுவாள்.

நாம் இன்று தாய்மாராக, அம்மம்மாராக, ஆசிரியைகளாக, போட்டி நடுவர்களாக, கலைவிழாக்களுக்குப் பொருளுதவி செய்பவர்களாக இருக்கின்றோம். நடன வகுப்புக்குப் பணம் கட்டுவதற்கு முன் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்போம். ஓராண்டு கழித்து அவள் வேண்டாம் என்றால், அதையும் கோபமின்றிக் கேட்போம். தொடர்ந்து ஆட விரும்புபவளைக் கல்யாணத்துக்குப் பின்னும் ஆட விடுவோம். எமது பாட்டிமாருக்குக் கிடைக்காத அந்தக் கேள்வி, இனி இக்கல்லூரி வாசலுக்குள் வரும் ஒவ்வொரு சிறுமிக்கும் கிடைக்கட்டும்.