கிளியும் சட்டமும்

தில்லியில் வாழும் நம்மவர் பலர், பெரோஸ் ஷா கோட்லாவின் இடிபாடுகளுக்கிடையே நிற்கும் அசோகர் தூணைக் கண்டிருப்பர். 14ஆம் நூற்றாண்டில் பெரோஸ் ஷா துக்ளக் தோப்ராவிலிருந்து பெயர்த்துக் கொணர்ந்த தூண் அது. முடிசூடி 26 ஆண்டுகள் சென்றபின், கொல்லலாகாத உயிர்கள் இன்னவை என மன்னர் அதிற் பொறித்தார். அப்பட்டியலின் தொடக்கத்தில் நிற்பவை கிளியும் நாகணவாய்ப் புள்ளுமே. எனினும் விலக்கப்பட்டது கொலைதான். கூண்டைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. சிறைப்பட்ட மாந்தரை 25 முறை விடுவித்த செய்தியோடு அக்கல்வெட்டு முடிகிறது.

இவ்வெழுத்துகளை 1837இல் ஜேம்ஸ் பிரின்செப் படித்தறிந்தார். 50 ஆண்டுகள் கழித்து, 1887இல், காட்டுப் பறவைகளுக்கென ஆங்கில அரசு ஒரு சட்டம் இயற்றியது. அது இனப்பெருக்கப் பருவத்தை மட்டுமே கருதியது. 1912ஆம் ஆண்டுச் சட்டம் பறவைகளைப் பெயர் சுட்டி அடுக்கிற்று: கௌதாரி, காடை, காட்டுக்கோழி, வாத்து, மயில், கொக்கு, மீன்கொத்தி, பனங்காடை முதலியன. குறித்த விலக்குக் காலத்தில் இவற்றைக் கொல்லுதலும் பிடித்தலும் குற்றம். துரைமாரின் துப்பாக்கிக்கும் சீமாட்டியரின் தொப்பிக்கும் வேண்டியவை அடுத்த ஆண்டும் கிடைக்கவேண்டுமே! கிளியும் நாகணவாயும் அப்பட்டியலில் இடம்பெறவில்லை.

விடுதலைக்குப் பின் 1972இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. பிடித்தலும் கண்ணி வைத்தலும் வேட்டையே என அது வரையறுத்தது. எனினும் உரிமம் பெற்றுப் பறவை வாணிகம் நடத்த இடமிருந்தது. உத்தரப் பிரதேசத்தின் பஹேலியரும் பீகாரின் மீர்ஷிகாரும் பிடித்துத் தந்த கிளிகள் நகரச் சந்தைகளை நிரப்பின. 1991ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு அவ்வாயில் அடைபட்டது. நாட்டுக் கிளியைப் பிடித்தலும் விற்றலும் மட்டுமன்றி, வீட்டிற் கூண்டிலிட்டு வளர்த்தலும் குற்றமாயிற்று. நம் ஊர்த் தெருக்களில் சீட்டெடுத்துத் தரும் சோதிடக் கிளிக்கும் விலக்கில்லை. இதனை அறியாமல் வளர்ப்போர் இன்றும் உளர். பறவை பிடிப்பதையே குலத்தொழிலாகக் கொண்டிருந்தோர் பிழைப்புக்கு யாது செய்வர் என்பதை மட்டும் சட்டம் எண்ணியதாகத் தெரியவில்லை.

கூண்டுகளோ ஒழிந்தபாடில்லை. ஆஸ்திரேலியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் உரிய சிறுகிளிகள் இப்போது அவற்றில் அமர்ந்திருக்கின்றன. அவை நம் காட்டுப் பறவைகள் அல்லவாதலின், நாட்டுக் கிளிக்குரிய தடை அவற்றைத் தீண்டுவதில்லை.