கழட்ட வராத சென்சார்

போன மாதம் என் காரில் ஆக்ஸிஜன் சென்சார் போய்விட்டது. மாற்றக் கொடுத்த இடத்தில் ஸ்பேனரைப் போட்டு ஒரே முறுக்கு... தலை கையோடு வந்துவிட்டது, மரை எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குள்ளேயே நின்றுவிட்டது. டொராண்டோவில் பனிக்காலம் முழுக்க ரோட்டில் உப்புப் போடுவார்கள். காருக்கு அடியில் இருக்கும் இரும்பு என்ன ஆகும்? மேனிஃபோல்டையே மாற்றணும் என்று ஒரு தொகை சொன்னார்கள். தொகையைக் கேட்டதும் ராபர்ட்சன்பேட்டையும் பெரியப்பாவும் ஞாபகம் வந்தார்கள். காரணம் இருக்கிறது.

முதலில் இந்த சென்சாரின் கதை. ஜெர்மனியின் பாஷ் கம்பெனி செய்து, 1976-ல் வோல்வோ கார்களில் போட்டு கலிபோர்னியாவில் விற்பனைக்கு வந்தது. அங்கே புகைச் சட்டம் அவ்வளவு கடுமை. உள்ளே இருப்பது ஜிர்கோனியா என்ற பீங்கான். ஒரு பக்கம் வெளிக்காற்று, மறுபக்கம் இஞ்சின் புகை. இரண்டு பக்கமும் ஆக்ஸிஜன் எவ்வளவு வித்தியாசமோ அதற்குத் தகுந்த சின்ன வோல்டேஜ் கொடுக்கும். அதைப் பார்த்து கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டும், குறைக்கும். ஒரு கிலோ பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்று என்பது கணக்கு. (பேலன்ஸ் ஷீட் பார்க்கிறவனுக்கு இது ரொம்பப் பிடித்த விஷயம்!)

சுமார் 300 டிகிரி சூடு ஏறினால்தான் அது வேலையே செய்யும். அதனால் புகை வரும் வழியிலேயே திருகி வைக்கிறார்கள். தினம் சூடாகி, ஆறி, மறுபடி சூடாகி, பத்து வருஷத்தில் மரையும் மேனிஃபோல்டும் ஒரே இரும்பு மாதிரி ஆகிவிடும்.

ஈயம் கலந்த பெட்ரோல் இந்த சென்சாருக்கு விஷம். அதனால் நம்ம ஊருக்கு அது தாமதமாகத்தான் வந்தது. ஈயமில்லாத பெட்ரோல் 1995 ஏப்ரலில் நான்கு பெருநகரங்களுக்கு வந்தது, 2000 பிப்ரவரியில் நாடு முழுக்க வந்தது. நடுவில், எம்.சி. மேத்தா வழக்கில் 1999 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட் டெல்லி வட்டாரத்துக்கு யூரோ விதிகளைக் கட்டாயமாக்கியது. அதன் பிறகுதான் கார்புரேட்டர் மெல்ல மெல்ல விடைபெற்று, எம்.பி.எஃப்.ஐ.யும் சென்சாரும் சாதாரண கார்களுக்குள் வந்தன.

அதே சமயத்தில் எங்கள் ஊரில் கதவு சாத்திக்கொண்டிருந்தது. 1880-லிருந்து ஜான் டெய்லர் கம்பெனி தோண்டிய சுரங்கங்கள், சிவசமுத்திரத்திலிருந்து 1902-லேயே கரண்ட் வாங்கிய ஊர், மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம்... எல்லாம் 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி மூடப்பட்டது. நான் அப்போது பி.காம். கடைசி வருஷம். பெரியப்பா மைன்ஸ் ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர்.

ஊரில் பாதிப் பேரைப் போல அவரும் மாரிகுப்பத்தில் கிளம்பும் விடிகாலை ரயிலைப் பிடித்து பெங்களூர் போக ஆரம்பித்தார். சேர்ந்தது ஒரு சின்ன கார் கராஜ். ஐம்பது வயசுக்கு மேல் சின்னப் பையன்களுக்குக் கீழே வேலை. ஸ்கேனர் பிடிக்கத் தெரியாது என்று அவரை டீ வாங்க அனுப்பினார்களாம். ஒருநாள் இதே மாதிரி ஒரு சென்சார் உடைந்து உள்ளே நின்றுவிட்டது. பையன்கள் ஈஸி அவுட் போட்டுத் திருக, அதுவும் முறிந்துவிட்டது. அது கடின எஃகு, சாதாரண டிரில் பிட் அதைத் தொடக்கூட முடியாது.

பெரியப்பா மிச்சம் நின்ற விளிம்பின் மேல் ஒரு நட்டை வைத்து உள்பக்கமாக வெல்டிங் அடித்தார். வெல்டிங் சூட்டில் துரு விட்டுப்போகும், பிடிக்க ஒரு தலையும் கிடைக்கும். கொஞ்சம் ஆறவிட்டு மரையோரம் ஆயில் விட்டார். உடனே கழட்டவில்லை. முதலில் ஒரு துளி இறுக்கும் பக்கம் அசைத்தார், பிறகு கழட்டும் பக்கம். இப்படியே முன்னும் பின்னுமாக அரைமணி நேரம். சுரங்கத்து பம்புகளில் முப்பது வருஷம் செய்த அதே வேலைதான். கடைசியில் டேப் விட்டு மரையைச் சுத்தம் செய்து, புது சென்சாருக்குக் கிரீஸ் மாதிரி இருக்கும் ஆன்ட்டி-சீஸ் தடவி மாட்டினார். அது சென்சாரின் நுனியில் படக்கூடாது, பட்டால் அதுவும் கெட்டுவிடும். மறுநாளிலிருந்து டீ வாங்க வேறு ஆள் போனானாம்.

போன வாரம் போனில் என் கதையைச் சொன்னேன். தொகையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"கழட்டறப்போ இஞ்சின் சூடா இருந்துச்சாடா?"

"தெரியல பெரியப்பா."

"போய்க் கேளு. மேனிஃபோல்டை மாத்தச் சொல்லாதே. வெல்டிங் மிஷின் வச்சிருக்கானான்னு முதல்ல கேளு."

நாளைக்குப் போகிறேன்.