நகம் கையான கதை

ஆங்கிலத்தில் அதன் பெயர் 'ஸ்டீல் க்ளா'. எஃகு நகம் என்று சொல்லலாம். பருந்துக்கும் புலிக்கும் இருக்கிற வளைந்த நகம். 1962 அக்டோபரில் லண்டனில் தொடங்கிய 'வேலியண்ட்' வாரப் பத்திரிகையின் முதல் இதழிலேயே இந்தப் படக்கதையும் தொடங்கியது. பத்து வருஷம் கழித்து, 1972இல், சிவகாசியில் எம். சௌந்தரபாண்டியன் முத்து காமிக்ஸை ஆரம்பித்தபோது முதல் இதழின் நாயகன் இவன்தான். பெயர் 'இரும்புக்கை மாயாவி'. நகம் கையாகிவிட்டது. விஞ்ஞான விபத்தால் மறைகிறவன், 'பாதாள பைரவி' பார்த்து வளர்ந்த வாசகருக்கு மாயாவி ஆகிவிட்டான். மொழிபெயர்ப்பாளரின் வசதி என்று இதை ஒதுக்கிவிடலாம்தான். ஆனால் நகம் மிருகத்துடையது, கை உழைக்கிறவனுடையது. இந்தக் கதையின் பலமும் பலவீனமும் இந்த ஒரு சொல்மாற்றத்துக்குள் கிடக்கின்றன என்று எனக்குத் தோன்றுகிறது.

முதலில் கதை. லூயிஸ் கிராண்டேல் ஒரு விஞ்ஞானியின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளன். முன்பே நடந்த ஒரு விபத்தில் வலது கை போய்விட்டது. அந்த இடத்தில் எஃகுக் கை. இன்னொரு விபத்துக்குப் பிறகு, உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் அவன் மறைந்துபோகிறான். எஃகுக் கை மட்டும் மறைவதில்லை. எச். ஜி. வெல்ஸ் 1897இல் எழுதிய 'இன்விசிபிள் மேன்' நாவலில் மறைகிறவன் தன்மேல் தானே பரிசோதனை செய்துகொண்ட விஞ்ஞானி. இங்கே மறைகிறவன் விஞ்ஞானியிடம் கைகட்டி நின்ற ஆள். அறிவு முதலாளிக்கு, விபத்து உதவியாளனுக்கு. மறைந்ததும் அவன் செய்கிற முதல் வேலை கொள்ளை. நியூயார்க் நகரத்தையே தகர்த்துவிடுவதாக மிரட்டுகிற அளவுக்குப் போகிறான். எழுதியவர் கென் பல்மர். பிறகு டாம் டல்லி. வரைந்தவர் பார்சலோனாவைச் சேர்ந்த ஜீசஸ் பிளாஸ்கோ. அவருடைய கறுப்பு மையின் கனம் தனியே எழுத வேண்டிய விஷயம். பாதி முகம் எப்போதும் இருட்டில் இருக்கும். நாயகனைப் பார்த்து வாசகன் பயப்படவேண்டும் என்று நினைத்து வரைந்த கோடுகள் அவை.

இந்தப் பயம் ரொம்ப நாள் நீடிக்கவில்லை. கிராண்டேலின் பித்து தெளிகிறது, குற்றவாளி திருந்துகிறான், 'ஷேடோ ஸ்க்வாட்' என்ற ரகசிய நிழற்படையில் சேர்த்துக்கொள்ளப்படுகிறான். ஜேம்ஸ்பாண்ட் அலை அடித்த காலம் அது. எஃகு விரல் துப்பாக்கியாகிறது. அரசாங்கத்துக்கு அடங்காத உடம்பு அரசாங்கத்தின் ஆயுதமாக்கப்பட்டது என்று இதை வாசிக்கலாம். 'உறைபனி மர்மம்', 'நாச அலைகள்' என்று முத்து காமிக்ஸில் தொடர்ந்து வந்த மாயாவி இந்த உளவாளிதான். நமக்குப் பழக்கமானது அடங்கிப்போன மாயாவி. அந்தக் காலத்து முத்து காமிக்ஸ் வில்லன் கூட்டம் ஒன்றின் பெயர் அ.கொ.தீ.க.: அழிவு, கொள்ளை, தீமைக் கழகம். கழகம் கோட்டையில் இருந்த, இன்னொரு கழகம் பிறந்துகொண்டிருந்த வருஷங்களில் இந்தப் பெயரை வைத்தவருக்கு நல்ல நகைச்சுவை உணர்ச்சி இருந்திருக்கிறது.

எளாவூரில் என் மாமாவின் டிரங்குப் பெட்டியில் இந்தப் புத்தகங்களின் கட்டு ஒன்று இருந்தது. அட்டை கிழிந்து, ஓரம் செல்லரித்து. நாங்கள் அதைப் படித்த காலத்தில் பக்கத்துக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு ஊர் ஆட்கள் ஷிப்டுக்குப் போய்வந்துகொண்டிருந்தார்கள். எங்கள் தெருவில் ஒருவருக்கு ஒரு பட்டறையில் பிரஸ்ஸில் மாட்டி வலது கையில் நாலு விரல் போய்விட்டது. பசங்க அவரை 'மாயாவி' என்று கூப்பிட்டோம். நானும்தான் கூப்பிட்டேன். ஒருநாள் நின்று சொன்னார்: "கரண்ட்ட தொட்டாதான் மறைவேனா? மஸ்டர்ல நான் எப்பவோ மறைஞ்சாச்சுடா." ஒப்பந்த ஆள். பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. 1923ஆம் வருஷத்துத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணை ஒரு கையின் நாலு விரலுக்கு 50 விழுக்காடு, கை முழுக்கப் போனால் 60 விழுக்காடு சம்பாதிக்கும் திறன் இழப்பு என்று கணக்குப் போட்டு வைத்திருந்தது. பெயரே இல்லாதவனுக்கு எதில் விழுக்காடு?

ஆள் மறைந்து கை மட்டும் தெரிகிற அந்தச் சித்திரத்தை அதற்குப் பிறகு என்னால் பழையபடி பார்க்க முடியவில்லை. வேலைக்குக் கை பத்தலை என்றுதானே சொல்கிறோம். ஆலைக்குத் தெரிவது கை ஒன்றுதான். லண்டன் பையன்களுக்காக எழுதியவர்கள் இதை நினைத்திருக்க மாட்டார்கள்; 'கை' என்று தமிழில் போட்டவரும் நினைத்திருக்க வேண்டியதில்லை. பிரதி இப்படித்தான் எழுதியவர்களை மீறிப் போகிறது. ஆனால் கதை தான் தொட்ட இந்த இடத்தில் நிற்காமல் ஓடிவிடுகிறது. கிராண்டேலுக்குச் சம்பளம் எவ்வளவு, வலித்ததா, எஃகு உரசி மணிக்கட்டு புண்ணானதா, ஒன்றும் கிடையாது. ஷாக் அடிப்பது ஸ்விட்ச் போடுவதுமாதிரி ஆகிவிடுகிறது. பெண்கள் அநேகமாக இல்லவே இல்லை.

முத்து காமிக்ஸ் பிறந்த அதே 1972இல் ஜப்பானில் கோ நாகாய் 'டெவில்மேன்' தொடங்கினார். பேயை எதிர்க்கத் தானே பேயாகிறவன் கதை. கடைசியில் மனிதக் கும்பல்தான் பேயைவிடக் கொடியதாக நிற்கிறது. அங்கே யாரும் அரசாங்கத்தில் வேலைக்குச் சேரவில்லை. அந்த வழியில் 1989இல் வந்தது கென்டாரோ மியூராவின் 'பெர்செர்க்'. எங்கள் ஊர்ப் பையன்கள் இப்போது செல்போனில் படிப்பது இதைத்தான். இதிலும் ஓர் இரும்புக்கை. நாயகன் கட்ஸ் கூலிப்படையில் வளர்ந்தவன். தலைவன் கிரிஃபித் தன் படை முழுவதையும் பலிகொடுத்துத் தெய்வநிலை அடைகிறான். அந்தக் கொடிய தெய்வங்களின் கூட்டத்துக்குப் பெயரே 'கடவுளின் கை'. பேயின் வாயில் மாட்டிய இடது கையை கட்ஸ் தானே அறுத்துக்கொள்கிறான். கிராண்டேல் கதை மறந்துவிட்ட புண் இங்கே மறக்கப்படுவதில்லை. கழுத்தில் குத்திய முத்திரையில் பேய் நெருங்கும்போதெல்லாம் ரத்தம் கசிகிறது. பலிகொடுத்தவனோ மக்கள் கொண்டாடும் ரட்சகனாகத் திரும்பி வருகிறான். அதிகாரத்தைப் பற்றி இவ்வளவு இருட்டாக எழுதிய படக்கதைகள் குறைவு.

ஆனாலும் காஸ்கா என்கிற பெண்ணுக்கு நேர்வதை மன்னிக்க முடியவில்லை. படையை நடத்திய தளபதி அவள். அவள்மீதான வல்லுறவை நாயகனின் கோபத்துக்கு எரிபொருளாக்கிவிட்டு, வருஷக்கணக்காக அவளைப் பேச்சும் நினைவும் இல்லாமல் பின்னால் இழுத்துக்கொண்டு போகிறது கதை. ஆணின் புண்ணுக்கு இவ்வளவு பக்கம் ஒதுக்கியவர் அவளுடையதை அவள் வாயால் சொல்லவிட வெகுகாலம் எடுத்துக்கொண்டார். 2021இல் மியூரா இறந்துபோனார். நண்பர் கோஜி மோரியிடம் அவர் சொல்லிவைத்திருந்த கதையை 2022இல் அவருடைய உதவியாளர்கள் வரையத் தொடங்கினார்கள். உதவியாளர்கள்: கிராண்டேல் பார்த்த அதே உத்தியோகம்.