நுங்கம்பாக்கத்திற் கண்ட கரிய கோள்

ஆலயத்தில் நவக்கிரகங்களை வலம்வந்து வணங்கும் வழக்கம் நம்மிடையே தொன்றுதொட்டு நிலவி வருகின்றது. ஞாயிற்றைச் சுற்றி வருவன பெருங்கோள்கள் மட்டுமல்ல. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடைப்பட்ட பெருவெளியில் இலட்சக்கணக்கான சிறுகோள்களும் சுற்றுகின்றன என்பதை இன்று பாடசாலைப் பிள்ளைகளும் அறிவர். ஆயினும், அவற்றுட் சில தமிழ் மண்ணிலிருந்தே முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டன என்பதை நம்மிற் பலர் அறியோம். அவற்றுள் ஒன்றாகிய ‘கமில்லா’ என்னும் கரிய கோளின் வரலாற்றை இம்மலர் வாயிலாக இளைஞருக்கும் பெரியோர்க்கும் எடுத்துரைக்க விழைகின்றோம்.

முதற் சிறுகோள் 1801ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி அகப்பட்டது. சிசிலித் தீவின் பலேர்மோ நகரில் பியாற்சி என்னும் துறவியார் கண்ட அதற்குச் செரெஸ் என்று பெயரிட்டனர். அதன் பின்னர் ஐரோப்பிய வானியலார் பலர் இவ்வேட்டையில் இறங்கினர். கண்டறிந்த ஒவ்வொன்றுக்கும் வரிசையெண்ணும் பெயரும் வழங்கப்பட்டன. இவ்வேட்டை நம் பக்கத்துக்கு வந்தது சென்னையின் வழியாகவே.

சென்னையில் வில்லியம் பெற்றி என்பார் 1786இல் தமது சொந்த முயற்சியால் ஒரு வானாய்வு நிலையம் அமைத்தார். கிழக்கிந்தியக் கும்பினியார் அதனை ஏற்று, 1792இல் நுங்கம்பாக்கத்தில் கட்டடம் எழுப்பினர். கடலோடிகளுக்கும் நில அளவையாளருக்கும் இடமும் நேரமும் துல்லியமாக வேண்டியிருந்தமையே அதற்குக் காரணம். அக்காலத்திற் கருவியைத் தாங்கி நின்ற கருங்கற்றூண் இன்றும் நுங்கம்பாக்கத்து வானிலை நிலைய வளவில் நிற்கின்றது. அதிற் பொறிக்கப்பட்ட மொழிகளுள் தமிழும் ஒன்று.

அந்நிலையத்தின் தலைவராக 1861இல் வந்து சேர்ந்தவர் நோர்மன் றொபேட் பொக்சன். ஒக்ஸ்போர்ட்டில் இருந்தபோதே மூன்று சிறுகோள்களைக் கண்டு புகழ் பெற்றிருந்தவர் அவர். விண்மீன்களின் ஒளியளவுக்கு, ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் ஏறத்தாழ இரண்டரை மடங்கு வேறுபாடு என்று 1856இல் வரையறுத்தவரும் அவரே. அந்த அளவுகோலையே உலகம் இன்றளவும் கையாளுகின்றது. சென்னைக்கு வந்து சில மாதங்களே கழிந்த நிலையில், 1861 ஏப்ரல் 17ஆந் திகதி அவர் ஒரு புதிய சிறுகோளைக் கண்டார். ஆசியாக் கண்டத்திலிருந்து கண்டறிந்த முதற் சிறுகோள் அது. ஆகவே ‘ஏசியா’ என்றே பெயர் பெற்றது. தொடர்ந்து 1864இல் சாபோ, 1866இல் சில்வியா, 1868இல் கமில்லா, 1885இல் வேரா என நான்கு சிறுகோள்கள் சென்னையில் அகப்பட்டன.

இவை எங்ஙனம் அகப்பட்டன? சிறுகோள்களைப் படம்பிடித்துக் கண்டறியும் முறை அந்நாளில் வழக்கில் இல்லை. வானத்தின் ஒரு சிறு பகுதியைத் தொலைநோக்கியிற் கண்டு, அங்குள்ள மங்கிய விண்மீன்கள் யாவற்றையும் தாளிற் புள்ளிகளாகக் குறித்தல் வேண்டும். மறுநாள் இரவு அதே பகுதியை மீண்டும் நோக்கிப் படத்தோடு ஒப்பிடல் வேண்டும். விண்மீன் தன் இடத்தில் நிற்கும். கோள் சற்றே நகர்ந்திருக்கும். ஆயிரம் புள்ளிகளுள் நகர்ந்த ஒரு புள்ளியைக் கண்டுகொள்வதே வெற்றி. கொசுக்கடியையும் புழுக்கத்தையும் பொருட்படுத்தாது, இரவு இரவாக விழித்திருந்து செய்யவேண்டிய தவம் இது. சென்னைக்கு இயற்கை தந்த உதவியும் ஒன்றுண்டு. சிறுகோள்கள் பெரும்பாலும் இராசி மண்டலத்தை ஒட்டியே செல்வன. நம் பிரதேசங்களில் அம்மண்டலம் தலைக்கு மேலே உயர்ந்து செல்வதால் நோக்குவது எளிது.

1868ஆம் ஆண்டு அந்நிலையத்துக்கு ஓய்வில்லாத ஆண்டாகும். ஆகஸ்ட் 18ஆந் திகதி முழுச் சூரிய கிரகணம் நிகழ்ந்தது. அதனைக் காணப் பொக்சன் மசூலிப்பட்டினம் சென்றார். அவருடைய உதவியாளர் சிந்தாமணி ரகுநாதாச்சாரியார் நிசாம் இராச்சியத்து வனபர்த்திக்குச் சென்றார். ஏறத்தாழ மூன்று மாதம் கழித்து, நவம்பர் 17ஆந் திகதி, கார்த்திகை மழைக்காலத்திலே, நூற்றேழாவது சிறுகோள் பொக்சனுக்கு அகப்பட்டது. உரோமக் கவிஞர் வேர்ஜிலின் காவியத்தில் வரும் வீர அரசியின் பெயரால் அதனைக் கமில்லா என்றனர்.

கண்டவருக்கு அது வெறும் ஒளிப்புள்ளி. அதன் பருமனை அளக்க அந்நாளில் வழி இல்லை. மங்கித் தோன்றும் பொருள் சிறியதாயும் இருக்கலாம். பெரியதாய்க் கரியதாயும் இருக்கலாம். இந்த ஐயத்தைத் தீர்த்தது வெப்பக் கதிர்களை அளக்கும் முறை. கரிய பொருள் தன்மேல் விழும் ஒளியிற் பெரும்பங்கைத் தன்னுள் வாங்கிச் சூடேறி, அச்சூட்டை மீண்டும் வெளிவிடும்; நண்பகலில் தார் வீதி சுடுவதை நாம் அறிவோமன்றோ? அச்சூட்டை 1983இல் ஏவப்பட்ட ஐராஸ் என்னும் செயற்கைக்கோள் போன்றவை அளந்தன. பின்னர்ப் பெருந்தொலைநோக்கிகளும் கமில்லாவின் உருவத்தைக் காட்டின. அதன் சராசரிக் குறுக்களவு ஏறக்குறைய 250 கிலோமீற்றர். நம் இலங்கைத் தீவின் மிக அகன்ற பகுதியே 225 கிலோமீற்றர் அளவினது என்பதை எண்ணிப் பார்ப்போமாக! சிறுகோட் பட்டையின் வெளி விளிம்பிலுள்ள மிகப் பெரியவற்றுள் ஒன்று கமில்லா. தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு ஐந்து பங்கு அளவையே அது திருப்பி அனுப்புகின்றது. மங்கித் தோன்றியதற்குத் தூரமும் அந்தக் கருமையும் காரணமேயன்றிச் சிறுமை காரணமன்று.

சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள தூரத்தைப் போல் மூன்றரை மடங்கு தொலைவில் நின்று, ஆறரை ஆண்டுகளில் அது ஞாயிற்றைச் சுற்றுகின்றது. தன்னைத்தானே சுற்ற ஐந்து மணி நேரமும் ஆவதில்லை. 2001இல் அதற்கு ஒரு சிறு நிலவு உண்டென்பதை ஹபிள் தொலைநோக்கி காட்டிற்று. இரண்டாவது நிலவு 2016இல் அறிவிக்கப்பட்டது. நிலவுகளின் ஓட்டத்தைக் கொண்டு கோளின் எடையைக் கணித்தபோது, அது சாதாரண பாறையிற் பாதியளவு அடர்த்தியும் இல்லாதது எனத் தெரிந்தது. உள்ளே வெற்றிடங்களும் பனிக்கட்டியும் இருத்தல்கூடும் என்று அறிஞர் கருதுகின்றனர்.

இத்தகைய கரிச்சத்து மிக்க கோள்களின் பெருமை யாது? பூமி பிறந்த காலத்து மூலப்பொருளைப் பெரிதும் மாறாமற் காத்து வைத்திருக்கும் பழம்பெட்டகங்கள் அவை. கமில்லாவுக்கு எவரும் கலம் அனுப்பவில்லை. ஆனால் அதே கரிய இனத்தைச் சேர்ந்த ரியூகு என்னும் சிறுகோளிலிருந்து யப்பானியர் 2020இல் ஐந்து கிராம் அளவு மண் கொணர்ந்தனர். பென்னு என்னும் சிறுகோளிலிருந்து அமெரிக்கர் 2023இல் 121 கிராம் கொணர்ந்தனர். உயிர்களின் உடலுக்கு அடிப்படையான அமினோ அமிலங்கள் அவ்விரு மண்ணிலும் இருந்தன.

நிற்க. கண்டுபிடிப்புப் பட்டியலில் பொக்சனின் பெயர் மட்டுமே உண்டு, அது முறையே. முப்பது ஆண்டுகள் உழைத்து 1891இற் சென்னையிலேயே உயிர்நீத்தவர் அவர். ஆயினும், அந்நிலையத்தில் இரவும் பகலும் நோக்கியும் கணித்தும் வந்த நம்மவர் உழைப்பையும் நாம் மறத்தலாகாது. அவருள் முதல்வர் ரகுநாதாச்சாரியார். பொக்சன் வருமுன்பே அங்குப் பணிபுரிந்தவர். 1867இல் தென்வானத்து ரெற்றிக்குலம் என்னும் கூட்டத்தில், ஒளி ஏறி இறங்கும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். 1872இல் இலண்டன் இராயல் வானியற் சங்கத்தின் உறுப்பினரானார். இந்தியருள் அப்பேறு முதலில் எய்தியவர் அவரே. 1874 டிசெம்பரில் வெள்ளி சூரியனைக் கடந்தபோது, அதனைப் பொதுமக்களுக்கு விளக்க ஆங்கிலத்திலும் இந்திய மொழிகளிலும் நூல் வெளியிட்டார். பஞ்சாங்கத்தைக் கண்ணாற் கண்ட வானத்தோடு ஒத்திருக்குமாறு திருத்தவேண்டும் என்று வற்புறுத்தித் திருக்கணித முறையிற் பஞ்சாங்கமும் கணித்தார்.

ஆண்டுதோறும் சித்திரைப் புத்தாண்டு பிறக்கும் நேரத்தில் வாக்கியமும் திருக்கணிதமும் வேறுபடுவதை நாம் காண்கிறோம். எது சரியென்று பெரியோர் வாதிப்பர். இளைஞரோ இரண்டையும் பொருட்படுத்தாது செல்வர். ரகுநாதாச்சாரியார் சாத்திரத்தை எள்ளவுமில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஏற்கவுமில்லை. ஏட்டையும் வானத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தார். பொக்சன் கமில்லாவைக் கண்டதும் படத்தையும் வானத்தையும் ஒப்பிட்டே. இருவருக்கும் கைகொடுத்தது இந்த ஒரே ஒழுக்கம்.

திகனையைச் சூழ்ந்த குன்றுகளின் மேல் முகில் விலகும் இரவுகளில், நகர விளக்குகளுக்கு அப்பாற் சென்றால் வானம் இன்னும் தெளிவாகவே தோன்றுகின்றது. கமில்லா வெறுங்கண்ணுக்குத் தோன்றாதாயினும், சிறுகோள்களுள் ஒளி மிக்க வெஸ்டாவைத் தக்க காலத்திற் சாதாரண இருகண் தொலைநோக்கியாலேயே காணலாம். வாலிபர்காள்! சங்கத்துக்கு அத்தகைய கருவியொன்றை வாங்குவோம். ஒரு வாரம் அது நிற்கும் இடத்தைத் தாளிற் புள்ளியிட்டு வருவோம். பஞ்சாங்கம் பார்க்கத் தெரிந்த பெரியோரையும் உடன் அழைத்து அமர்த்துவோம். நகரும் புள்ளியைத் தம் கண்ணாற் கண்ட இளைஞன் ஒருவன் நம்மிடையே தோன்றினும், நுங்கம்பாக்கத்தில் விழித்திருந்த அக்கண்களுக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவேயாகும்.