கணியனும் சிங்கை நேசனும்

‘சிங்கை நேசன்’ 1887 ஜூன் மாதம் தொடங்கியது. விக்டோரியா மகாராணியின் பொன்விழா ஆண்டு. சி.கு. மகுதூம் சாயபு நடத்திய வார இதழ் அது, 1890ல் நின்றுவிட்டது. சிங்கப்பூரின் முதல் தமிழ்ச் சிறுகதை என்று ஆய்வாளர்கள் சொல்கிற ‘விநோத சம்பாஷணை’ 1888ல் அதில்தான் வந்தது. அந்தப் பக்கங்களை இன்றைக்கும் படிக்கலாம். ‘லை’யும் ‘னை’யும் யானைத் தும்பிக்கை போட்ட பழைய எழுத்தில் இருக்கும், பத்து நிமிஷத்தில் கண் பழகிவிடும்.

இந்தப் பழைய அச்சு வரலாற்றைத் தோண்டி எழுதியவர்களில் ஒருவர் நா. கோவிந்தசாமி. சிறுகதை எழுத்தாளர், தேசியக் கல்விக் கழக விரிவுரையாளர். அவரேதான் கணியன் என்ற தமிழ்க் கணினி முறையையும் உருவாக்கினார். 1995 அக்டோபரில் அன்றைய அதிபர் ஓங் டெங் சியோங் தொடக்கி வைத்த நான்மொழிச் சிங்கப்பூர்க் கவிதைத் தளத்தில் தமிழ் வந்தது அவரால். இணையத்தில் தமிழ் ஏறிய முதல் இடங்களில் அது ஒன்று. 1999ல் காலமானார்.

எனக்கு உறுத்துவது இதுதான்: 1887ன் தமிழை நான் சுலபமாகப் படிக்கிறேன், 1990களின் கணினித் தமிழை அப்படிப் படிக்க முடியவில்லை.

காரணம் ரொம்ப எளிது. அப்போது ஒரு எழுத்துக்கு ஒரு பைட், மொத்தம் 256 இடம். முதல் பாதி ஆங்கிலத்துக்குப் போய்விடும். மீதி இடத்தில் தமிழை ஒவ்வொரு எழுத்துருக்காரரும் தன் இஷ்டத்துக்கு அடுக்கினார். கோப்புக்குள் இருப்பது வெறும் எண்கள். எந்த எழுத்துரு என்று அது சொல்லாது. யூனிகோடில் தமிழுக்கு 1991லேயே இடம் கிடைத்தது, ஆனால் விண்டோஸ் 2000 வரும்வரை சாதாரணப் பயனாளருக்கு அது கைக்கு வரவில்லை.

என் பெரியப்பா ஒரு தமிழ் அமைப்பில் செயலாளராக இருந்தார். 1998ல் அவர்கள் போட்ட ஆண்டு மலர், சிராங்கூன் சாலைப் பக்கம் அச்சடித்தது, வீட்டில் இருக்கு. அதன் பிளாப்பியும் இருக்கு. “நீதான் இன்ஜினியராச்சே, திறந்து குடேன்” என்றார். திறந்தால் மேலே புள்ளியும் கோடும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள். என்ன எழுத்துரு என்று அவருக்கு நினைவில்லை.

மலரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் வார்த்தை ‘வணக்கம்’. வ, ண, க், க, ம். ஐந்து எண்களுக்கு அர்த்தம் கிடைத்துவிட்டது. இப்படியே ஒரு அட்டவணை. மலரில் வராத எழுத்துகளுக்கு அதில் கட்டம் இன்னும் காலிதான்.

அந்த அட்டவணையை வைத்து, அதே வட்டில் இருந்த, அச்சேறவே செய்யாத கூட்டக் குறிப்புகளைப் படித்தோம். யார் யார் வந்தார்கள், வாடகைக்கு யார் பணம் போட்டார்கள், எந்தத் தீர்மானத்துக்கு யார் மறுப்புச் சொன்னார்கள் எல்லாம் அதில் இருந்தது. பெரியப்பா மூன்று பெயர்களைக் கேட்டு அமைதியாகிவிட்டார்.

காகிதம் சாகாது என்று நான் சொல்லவில்லை. ‘சிங்கை வர்த்தமானி’, ‘ஞானசூரியன்’ எல்லாம் ‘நேசனு’க்கு முந்தியவை; பெயர் மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது. நூலகம் வாங்கி வைத்தால்தான் காகிதமும் பிழைக்கும். விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்துக்கு இங்கே அச்சாகும் நூல்களின் பிரதிகளைக் கொடுத்தே ஆகணும், அது சட்டம். 2019 முதல் ‘புள்ளி எஸ்ஜி’ தளங்களை அனுமதி கேட்காமலே சேகரிக்கவும் சட்டம் இடம் தருகிறது. நல்ல காரியம். ஆனால் நம்மவர்கள் முக்கால்வாசிப் பேர் ‘புள்ளி காம்’மில் அல்லவா எழுதுகிறார்கள்? வாட்ஸ்அப்பைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

பெரியப்பாவின் பிளாப்பியில் இன்னொரு கோப்பும் இருக்கு. அது வேறு எழுத்துரு, அச்சுப் பிரதியும் கிடையாது. எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று கணக்குப் போட்டு வார்த்தைகளை ஓரளவு ஊகிக்கிறேன். பெயர்களை அப்படி ஊகிக்க முடியவில்லை. அது உறுப்பினர் பட்டியல் என்கிறார் பெரியப்பா.