கோட்டைக்கு அப்பால்: பேகம்பூரும் பொருந்தலும்

திண்டுக்கல்லுக்கு வருவோர் மலைக்கோட்டையில் ஏறி இறங்கி, பிரியாணி உண்டு திரும்பிவிடுகின்றனர். கோட்டைக்கு அருகிலேயே பேகம்பூர் இருக்கிறது. ஹைதர் அலியின் சகோதரி அமீருன்னிசா பேகம் இங்குள்ள பெரிய பள்ளிவாசல் வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டார். ஊர்ப்பெயரும் அவரால் வந்ததே.

அதைவிட மிகத் தொன்மையான ஈமக்காடு, இதே மாவட்டத்தில் பழனிக்குத் தென்மேற்கே சுமார் 12 கி.மீ. தொலைவிலுள்ள பொருந்தல். புதுச்சேரிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா.ராஜன் 2009, 2010-ஆம் ஆண்டுகளில் இங்கு அகழாய்வு செய்தார். ஒரு கல்லறையில் நான்கு கால் சாடியொன்றில் சுமார் 2 கிலோ நெல் கிடைத்தது. அதன் காலம் பொ.ஆ.மு. 490 எனக் கணிக்கப்பட்டது. உடனிருந்த புரிமனையில் 'வய்ர' என்னும் தமிழி எழுத்துப் பொறிப்பு. அசோகருக்கு முன்பே தமிழர் எழுதினர் என்ற வாதத்துக்கு இந்நெல் முக்கியச் சான்று. ஏற்காத அறிஞர்களும் உண்டு. பொருளியல் பயின்ற எனக்கோ எழுத்தைவிட நெல்லே வியப்பளிக்கிறது. இறந்தவருக்கு இவ்வளவு தானியம் ஈந்த ஊரில் உபரி விளைச்சல் இருந்திருக்க வேண்டும்.

பேகம்பூரைத் தொழுகைக்கு வருவோர் காக்கின்றனர். கல்வட்டங்களுக்கு அத்தகைய காவல் இல்லை. உழவுக்கும் கட்டுமானத்துக்குமாகத் தமிழகமெங்கும் அவை பெயர்க்கப்படுகின்றன. பொருந்தலுக்குச் செல்வோர் உள்ளூர் அறிந்தவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். ஒரு பானையோட்டுச் சில்லைக்கூட எடுத்துவராதீர்கள்.